அயலகப் பல்கலைக்கழக அனுபவம்: பெங்களூரு ஆங்கில ஆசிரியர்கள் எதைக் கொண்டுபோனார்கள்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆங்கில ஆசிரியர்களைத் தேடி வெளியிடும் விளம்பரங்களில் ஒரு நிபந்தனை அநேகமாக இருந்துவிடும்: பல்கலைக்கழக அளவில் இரண்டு மூன்று ஆண்டுகளாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும். பெங்களூருவில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு பி.யு. கல்லூரியிலோ தனியார் பட்டக் கல்லூரியிலோ வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். இதைத் தாண்ட சிலர் ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்ட்டா சான்றிதழ் வாங்குகிறார்கள். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி அது. மேற்பார்வையில் நின்று பாடம் நடத்துவது அதில் ஆறு மணி நேரம். சிலர் எத்தியோப்பியாவுக்கோ ஓமானுக்கோ முதலில் கிடைத்த ஒப்பந்தத்தில் போய்விடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து இங்கே ஒரு நேர்முகத்தில் உட்காரும்போதுதான், சேர்த்து வைத்ததாக நினைத்த அனுபவம் கணக்கில் வருமா என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர்களிடம் பதில் கிடைக்காது. பெங்களூருவின் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் கிடைக்கிறது. இந்த ஊரிலிருந்து போய் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தடம் பதித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுபோனது தங்கள் வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வியையும், அதற்கு அவர்களே தேடிய விடையையும். அந்த முதலீடு இல்லாமல் போனவர்களுக்குப் பெரும்பாலும் வருடங்கள் மட்டுமே மிஞ்சின என்பது என் கணிப்பு.

முதலில் எதிர்த்திசைப் பயணத்தைப் பார்த்துவிடலாம். வெளிநாட்டில் பாடம் நடத்திப் பெற்ற அனுபவத்தை மூலதனமாக்கியவர்களில் முன்னோடிகள் பிரிட்டிஷார். பீட்டர் ஸ்ட்ரெவன்ஸ் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றியவர். ஹென்றி விடோசன் பிரிட்டிஷ் கவுன்சில் பணியாளராக இலங்கையிலும் வங்கத்திலும் இருந்தார். ஆலன் டேவிஸ் கென்யாவிலும் நேபாளத்திலும் கற்பித்தார். இவர்கள் ஊர் திரும்பிப் பிரிட்டனில் பயன்பாட்டு மொழியியல் துறையைக் கட்டி எழுப்பினார்கள். ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களின் வகுப்பறைகள்தான் அந்தத் துறையின் ஆய்வுக்கூடம். 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாடு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கான பொதுக் கொள்கைகளை வகுத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கை அந்த மாநாட்டின் சிந்தனையில் ஊறிக் கிடந்ததை ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் எழுதிய நூலில் கடுமையாக விமர்சித்தார்.

அதே காலத்தில் தென்னிந்தியாவில் நிறுவனங்கள் எழுந்தன. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் வந்தது. இன்று அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1963இல் பெங்களூருவில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தொடங்கியது. தென் மாநிலங்களின் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் இந்த நிறுவனம் இப்போது ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. அன்றைய சென்னை மாநிலத்தில் சுமார் 27,000 தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாகப் பலருக்கு, பிறகு இன்னும் பலருக்கு என்று விரிந்த அந்தத் திட்டத்தை ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அழைத்தார்கள். அவர்கள் கற்றுக்கொண்டது அமைப்புமுறைப் பாடத்திட்டம். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது.

இருபது வருடம் இப்படி ஓடியபின், பிள்ளைகள் வகுப்பில் சரியாகச் சொல்லும் வாக்கியத்தை வகுப்புக்கு வெளியே ஏன் சொல்ல முடியவில்லை என்று ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தவர். பெங்களூருவின் வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை பெங்களூருவிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் அவர் நடத்திய சோதனையை உலகம் ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’ என்று அறிகிறது. மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படிகிறது என்பது பிரபுவின் கருதுகோள். எனவே பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியல் கிடையாது, சொற்பட்டியலும் கிடையாது. வரிசையாக டாஸ்க்குகள், அதாவது யோசித்து விடை காண வேண்டிய பணிகள், மட்டும்.

அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு ரயில் கால அட்டவணையை எழுதுகிறார். எந்த ரயில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்த நிலையத்துக்கு எப்போது போய்ச் சேருகிறது என்று வகுப்பு முழுவதையும் கேட்கிறார். பிறகு கேள்வி கொஞ்சம் கடினமாகிறது: காலையில் ஒரு வேலையை முடித்துவிட்டு மாலைக்குள் இன்னொரு ஊரில் இருக்க வேண்டியவர் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்? மாணவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலும் போதும். பதில் சரி என்றால் அதையே முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். இலக்கண விளக்கத்துக்காக நிற்பதில்லை. வாய்மொழியாக நடந்த இந்த முன்னோட்டத்துக்குப் பிறகு, அதே போன்ற இன்னொரு டாஸ்க்கை ஒவ்வொருவரும் தனியே எழுதுகிறார்கள். மொழி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காமல் எத்தனை விடை சரி என்று மட்டும் பார்த்து மதிப்பெண். வகுப்பில் பாதிப் பேராவது டாஸ்க்கில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது பொருத்தமான கடினம். அதற்குக் கீழே போனால் அடுத்த நாள் எளிதாக்க வேண்டும். தேவைப்பட்டது சுண்ணக்கட்டியும் பலகையும் காகிதமும்தான். குழுவாக உட்கார்ந்து பேசுவதைப் பிரபு ஊக்குவிக்கவில்லை. மாணவர்கள் ஒருவரின் பிழையை மற்றவர் பழகிக்கொண்டுவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அன்றைய பிரிட்டிஷ் நிபுணர்களுக்கு இது உறுத்தலாக இருந்தது.

சோதனையை மதிப்பிட வந்தவர்களில் ஒருவர், மேலே சொன்ன ஆலன் டேவிஸ். ஆலன் பெரெட்டாவுடன் சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை 1985இல் ஈஎல்டி ஜர்னலில் வந்தது. டாஸ்க் வழியாகப் படித்தவர்கள் பொருள்சார்ந்த தேர்வுகளில் மேலே நின்றார்கள், அமைப்புமுறையில் படித்தவர்கள் அமைப்புத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள் என்றது அது. மொத்தத்தில் எச்சரிக்கையோடு கூடிய ஆதரவு. ஒப்பிட்ட வகுப்புகள் ஆய்வுமுறைப்படி சமமாக அமைக்கப்பட்டவை அல்ல என்ற குறையையும் அவர்களே சொன்னார்கள். பின்னாளில் பெரெட்டா எழுதிய இன்னொரு கட்டுரை, பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களுக்கு இந்த முறையைத் தம்முடையதாக்கிக்கொள்வது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று காட்டியது. இந்தக் குறைகளை மறைக்கத் தேவையில்லை. இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் டாஸ்க் வழிக் கற்பித்தலைப் பற்றிய அத்தியாயம் பெங்களூரைக் குறிப்பிடாமல் நகர்வது அபூர்வம்.

பிரபு பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பெங்களூர் அனுபவத்தை விரிவாக எழுதிய அவரது நூல் 1987இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. 1990இல் டெசால் குவார்ட்டர்லியில் எழுதிய கட்டுரையில், சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று ஏன் இருக்க முடியாது என்று வாதிட்டார். ஒரு முறை உயிரோடு இருப்பது, அதைக் கையாளும் ஆசிரியருக்கு ‘இப்படிச் செய்தால் பிள்ளைகள் கற்கிறார்கள்’ என்று மனதில் படும் பிடிப்பில்தான். அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் எந்த முறையும் சடங்காகிவிடும் என்றார். ஐந்து வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவரால்தான் இப்படி எழுத முடியும். பல்கலைக்கழக அனுபவம் என்ற தகுதிக்கு இங்கே விதையாக இருந்தது பள்ளி வகுப்பறை. வேலை விளம்பரங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை, நாம் மறக்கக்கூடாது.

கல்லூரி வகுப்பறைக்கும் இதே போன்ற ஒரு கதை பெங்களூருவில் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. எண்பதுகளில் இந்திய அறிவியல் கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர்களில் ஒருவர் எஸ்தர் ரமணி. அங்கே ஆராய்ச்சி மாணவர்களுக்கு எந்த ஆங்கிலம் தேவை என்பதை அறிய, அவரும் சக ஆசிரியர்களும் துறைகளுக்கே போய் ஆய்வாளர்கள் எப்படிப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், பேசுகிறார்கள் என்று மானுடவியலாளரைப் போலக் கவனித்தார்கள். எடின்பரோவைச் சேர்ந்த எரிக் கிளெண்டினிங்குடன் சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை 1988இல் வெளியானது. பாடத்திட்டத்தை வெளியூரிலிருந்து தருவிக்காமல் மாணவர் இருக்கும் இடத்திலிருந்து எழுப்பலாம் என்பதற்கு அது இன்றும் நல்ல உதாரணம்.

அதே பத்தாண்டில் நகரத்து ஆங்கில ஆசிரியர்கள் தாங்களாகவே கூடி ஒரு சமூகம் அமைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் 1992இல் ஈஎல்டி ஜர்னல் வெளியிட்ட, ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை. பெரிய வகுப்புகளைப் பற்றிய ஆய்வாக அது தொடங்கியது. ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், பிறகு கூடிப் பேசினார்கள். பேசப் பேச, எண்ணிக்கைதான் சிக்கல் என்ற தொடக்க நினைப்பு நகர்ந்தது. கன்னட வழியில் படித்தவரும் கான்வென்ட்டில் படித்தவரும், வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசுபவரும் ஒரே பெஞ்சில் இருக்கும்போது எழும் பன்மையை எப்படிக் கையாள்வது என்பதே அவர்கள் கேள்வியாயிற்று. இது பெங்களூருக்கே உரிய கேள்வி. 2011 கணக்கெடுப்பின்போதும் பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. எழுதிய ஐந்து பேரும் இதற்காக மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டும்.

எஸ்தர் ரமணியும் இன்னொரு ஆங்கில ஆசிரியரான மைக்கேல் ஜோசஃபும் பின்னர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். அவர்கள் சேர்ந்த பல்கலைக்கழகம் டர்ஃப்லூப்பில், போலோக்வானே நகருக்கு அருகில் இருக்கிறது. 1959இல் நிறவெறி அரசு கறுப்பின மாணவர்களை இனவாரியாகப் பிரித்து வைப்பதற்காகத் தொடங்கிய கல்லூரி அது; இன்று லிம்போப்போ பல்கலைக்கழகம். நிறவெறி ஒழிந்தபின் வந்த அரசியல் சட்டம் 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. ஆனால் பல்கலைக்கழகப் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கில ஆசிரியர்களாகப் போன இந்த இருவரும் சக ஆசிரியர்களோடு சேர்ந்து 2003இல் ஓர் இருமொழிப் பட்டப்படிப்பைத் தொடங்கினார்கள். அதன் முதன்மைப் பாடங்களில் ஒன்று ஆங்கிலம் பற்றியது, ஆங்கிலத்தில் நடப்பது. மற்றொன்று பன்மொழியியல். அதில் விரிவுரை, கட்டுரை, தேர்வு எல்லாமே மாணவர்களின் தாய்மொழியான செசோத்தோ சா லெபோவாவில்.

இதன் கனத்தை ஒரு பெங்களூரு ஆசிரியர் உடனே புரிந்துகொள்வார். ஆப்பிரிக்க மொழியில் உயர்கல்வி சாத்தியமா என்று சந்தேகித்தவர்களுக்கு விளக்கக் கட்டுரை எழுதி அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. மூன்றாண்டுப் பட்டப்படிப்பையே நடத்திக் காட்டினார்கள். உளவியலாளர் வைகோட்ஸ்கியின் கருத்துகளை மாணவர்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தங்கள் ஊர்ச் சிறுவர்கள் விளையாடும்போது தமக்குத் தாமே பேசிக்கொள்வதைத் தாய்மொழியிலேயே பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். கலைச்சொல் இல்லாத இடத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து சொல் தேடினார்கள். கன்னட வழியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு பி.யு. அறிவியலில் ஆங்கிலத்தின்முன் திகைத்து உட்கார்ந்திருக்கும் மாணவரை அறிந்த ஆசிரியருக்கு டர்ஃப்லூப்பின் மாணவர் அந்நியரல்லர். பெங்களூருவில் தொடங்கிய கேள்விக்கு அங்கே ஒரு நிறுவன வடிவம் கிடைத்தது என்றே நான் வாசிக்கிறேன்.

தமிழ் வாசகருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். நன்கொடையாக வந்த அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கி வைத்த படங்களையும் குறிப்புகளையும் பாடத்துக்கு அவர்கள் தந்த எதிர்வினையாக எடுத்துக்கொண்டு அவர் எழுதிய ஆய்வு 1993இல் டெசால் குவார்ட்டர்லியில் வந்தது. பிறகு அதே இதழுக்கே ஆசிரியரானார். இன்று அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர். தாளுக்கே தட்டுப்பாடான ஒரு வளாகத்தில் கிடைத்த அனுபவம் எந்தத் தரப்பட்டியலிலும் மதிப்புப் பெற்றிருக்காது. அதை எழுதியதால்தான் மதிப்பு வந்தது.

ஆனால் கேள்வியும் எழுத்தும் கையில் இருந்தாலும் கதவு எல்லா இடத்திலும் திறப்பதில்லை. தென்கொரியாவில் மொழி ஆசிரியருக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வணிக உடன்பாடு பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாக இந்தியர்களுக்கு ஒரு சிறு வாசலைத் திறந்தது, அவ்வளவுதான். சீனாவும் வளைகுடாவின் பல நிறுவனங்களும் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்ற வடிகட்டியைக் கைவிடவில்லை. ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்து இருவேறு சம்பளம் தரும் இடங்களும் இருக்கின்றன. இதை எதிர்த்த இயக்கத்திலும் தெற்காசியரின் பங்கு பெரிது. இலங்கையைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெய்ன் ஹாங்காங்கில் பேராசிரியராக இருந்தபடி, 1998இல் ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டு அமைப்பான டெசாலுக்குள் தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களுக்கான அணியைத் தொடங்குவதில் முன்னின்றார். அந்த அமைப்பு இவ்வகைப் பாகுபாட்டுக்கு எதிரான நிலைப்பாட்டை 2006இல் வெளியிட்டது. விசா விதிகள் இன்னும் அந்த வேகத்துக்கு வரவில்லை. இது அநியாயம்; தகுதியைப் பற்றிய பேச்சாக இதை மழுப்பக்கூடாது.

அதனால்தான் சராசரி இந்திய ஆங்கில ஆசிரியரின் பாதை வேறு நாடுகள் வழியாகப் போனது. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாசி காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் உண்டு. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம், அதற்குக் கீழே பெரும்பாலும் வட்டார மொழிகள். இரண்டாயிரத்துக்குப் பின் அரசுப் பல்கலைக்கழகங்கள் வேகமாகப் பெருகியபோது இந்திய விரிவுரையாளர்கள் நிறையப் பேர் தேவைப்பட்டார்கள். லிபியாவும் ஏமனும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன. 2011இல் லிபியா உள்நாட்டுப் போரில் எரிந்தது. 2015இல் போர் மூண்ட ஏமனிலிருந்து இந்திய அரசின் ‘ஆபரேஷன் ராஹத்’ 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டு வந்தது. அந்தப் பாதைகள் அத்தோடு அடைபட்டன.

வளைகுடாவின் அனுபவம் தனி ரகம். ஓமானில் 2008இல் வகுத்த தரக்கோட்பாடுகளின்படி, பட்டப்படிப்புக்கு முன் ஆங்கிலம், கணிதம், கணினி, கற்றல் திறன் ஆகியவை அடங்கிய ஃபவுண்டேஷன் ப்ரோக்ராம் உண்டு. சவூதியில் இதுபோன்ற ஆயத்த ஆண்டின் ஆங்கில வகுப்புகளைப் பல பல்கலைக்கழகங்கள் தனியார் கம்பெனிகளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டன. வளாகம் பல்கலைக்கழகத்துடையது, சம்பளம் கம்பெனியுடையது. பாடநூல், தேர்வுத்தாள், எந்த வாரம் எந்தப் பக்கம் என்பது எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். ஆசிரியர் அந்த வாரத்துப் பக்கத்தை முடித்தாக வேண்டும். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மாணவர்களும் கற்கிறார்கள். ஆனால் எதைக் கற்பிப்பது, எப்படிச் சோதிப்பது என்பதில் ஆசிரியருக்குக் குரல் இல்லாத வேலை, வளாகத்துக்குள் நடந்தாலும், பல்கலைக்கழகப் பணியின் பாதியைத்தான் தரும்.

இந்த வேறுபாடு ஊர் திரும்பும்போது காகிதத்தில் எதிரே வந்து நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள், முன்பணியை, அது வெளிநாட்டில் ஆற்றியதாக இருந்தாலும், கணக்கில் எடுக்கலாம் என்கின்றன. நிபந்தனைகள் உண்டு. வகித்த பதவிக்கான தகுதி இங்குள்ள குறைந்தபட்சத் தகுதிக்குக் கீழே இருக்கக்கூடாது. பதவி சமநிலையில் இருக்க வேண்டும். முறையான தேர்வு வழியாக நியமனம் பெற்றிருக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளராக இருந்த காலம் எவ்வளவானாலும் சேராது. கம்பெனி சம்பளத்தில் ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்ற பெயரில் இருந்தவர் இந்த வாசலைத் தாண்டுவது கடினம். முனைவர் பட்டமோ நெட் தேர்ச்சியோ இல்லாமல் போனவருக்கு இன்னும் கடினம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சம்பளத்தையும் வீட்டு வாடகைப்படியையும் விசாரிக்கும் அளவுக்கு, பதவியின் பெயர் என்ன, நியமிப்பது பல்கலைக்கழகமா கம்பெனியா, பாடத்திட்டக் குழுவில் இடம் உண்டா, வினாத்தாள் தயாரிக்க விடுவார்களா, வகுப்பை ஆய்வுசெய்ய அனுமதி கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்குவதெல்லாம் முகவர்கள் செய்து தருவார்கள். இந்தக் கேள்விகளை அவர்கள் கேட்கமாட்டார்கள்.

கர்நாடகத்தின் அரசு முதல்நிலைக் கல்லூரிகள் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களின் உழைப்பில் நடக்கின்றன. மானியக் குழுவின் கணக்கில் சேராத அந்த வருடங்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் தேர்வுக்குழு எடைபோட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும்: எந்தப் பாடம், எந்த ஆண்டு மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வினாத்தாளை அவர் தயாரித்தார் என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம். பல முதல்வர்கள் ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். கல்லூரிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையில் படிவம் கொடுத்தாலே இது சரியாகிவிடும்; செலவு எதுவும் இல்லை. கௌரவ விரிவுரையாளர் சங்கங்கள் சம்பளத்துக்காக வைக்கும் நியாயமான கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து வைக்கலாம். ஞானபாரதி வளாகத்தின் வட்டார நிறுவனம், வெளிநாட்டில் கற்பித்துத் திரும்பிய தென்னிந்திய ஆசிரியர்களை அழைத்து அவர்களின் பாடக்குறிப்புகளையும் டாஸ்க்குகளையும் கேட்டு வாங்கிப் பதிப்பித்தால், அடுத்து அடிஸ் அபாபாவுக்கோ மஸ்கட்டுக்கோ கிளம்பும் ஆசிரியரின் பெட்டியில் சான்றிதழ்களோடு அதுவும் ஒன்றாக இருக்கும்.